செம்பைச் சுத்தமாக்கும் மின்சாரம்: கேள்வி பதில்

கேள்வி (பிளஸ் டூ மாணவி): மின்சாரத்தால் செம்பைச் சுத்தமாக்கும்போது, அழுக்குச் செம்புத் தகடான நேர்மின்வாயில் உள்ள இரும்பும் நிக்கலும் செம்போடு சேர்ந்து மயில்துத்தக் (செம்பு சல்பேட்) கரைசலில் கரைகிறதே, சுத்தச் செம்பு படியும் எதிர்மின்வாயில் ஏன் படிவதில்லை?

பதில்: கரைவது உண்மைதான்மா. படிவதுதான் கஷ்டம். திட்ட மின்முனை அழுத்தத்தைப் பாருங்கள், அது கூடக் கூட உலோகத்தின் அயனி எலக்ட்ரானை எளிதில் வாங்கிப் படியும், உலோகம் கரைவது கஷ்டம்: செம்பு +0.34 வோல்ட், நிக்கல் −0.25, இரும்பு −0.44. கரைசலில் செம்பு அயனி தாராளமாக இருக்கும்வரை எலக்ட்ரான் அதற்குத்தான் போகும். மற்ற இரண்டும் கரைசலிலேயே தங்கிவிடும். வெள்ளி +0.80, தங்கம் அதற்கும் மேலே. அதனால் அவை பெரும்பாலும் கரையாமல் அடியில் மண்டியாகச் சேரும். அந்த மண்டியை யாரும் கொட்டிவிடுவதில்லை. செலினியம், டெலூரியம்கூட அதிலிருந்துதான் கிடைக்கின்றன.

பாடத்தில் இதோடு முடிந்துவிடும். ஆலையில் உண்மையான தொல்லை ஆர்சனிக், ஆன்டிமனி, பிஸ்மத். இவற்றின் அழுத்தம் செம்புக்குப் பக்கத்தில் இருப்பதால், கரைசலில் அளவு கூடினால் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கரைசலில் ஒரு பகுதியைத் தொடர்ந்து வெளியே எடுத்துச் சுத்தம் செய்கிறார்கள்.

கேள்வி (மோட்டார் காயில் கட்டுபவர்): செம்பு 99.5 சதவீதம் சுத்தமாக இருந்தாலே போதாதா சார்?

பதில்: பாத்திரத்துக்குப் போதும், உங்கள் கம்பிக்குப் போதாது. துளி ஆர்சனிக் இருந்தாலே மின்தடை ஏறும், காயில் சூடாகும். அதற்காகத்தான் 99.99 வரை போகிறார்கள்.

கேள்வி: கரன்ட் பில் எகிறாதா?

பதில்: பலரும் தப்பாக நினைக்கும் இடம் இது. ஒரு பக்கம் கரையும் அதே செம்புதான் மறுபக்கம் படிகிறது. வேதிவினைக்கென்று தனியாக ஆற்றல் வேண்டியதில்லை, கரைசலின் தடையைத் தாண்டினால் போதும். தொட்டிக்கு 0.3 வோல்ட் அளவுதான், டன்னுக்குச் சில நூறு யூனிட். தாதுவைக் கரைத்த கரைசலிலிருந்து நேரடியாகச் செம்பை எடுப்பதற்கு 2 வோல்ட் வரை தேவைப்படும். அங்கே செலவு பல மடங்கு.

கேள்வி: அலுமினியத்தையும் இப்படிச் செய்யலாமா?

பதில்: நீர்க்கரைசலில் முடியாது, ஹைட்ரஜன்தான் வரும். உருகிய உப்பை வைத்து ஹூப்ஸ் முறையில் செய்கிறார்கள்.

கேள்வி: வீட்டில் செய்து பார்க்க ஆசை.

பதில்: கண்ணாடி டம்ளரில் மயில்துத்தக் கரைசல், இரண்டு செம்புத் தகடு, ஒரு 1.5 வோல்ட் பேட்டரி. தகடுகளை முதலில் உப்புத்தாளால் தேய்த்து, எடை பாருங்கள். 1 ஆம்பியர் 1 மணி நேரம் ஓடினால் சுமார் 1.19 கிராம் செம்பு படியும். உங்களுக்கு அதில் சிறு பங்குதான் கிடைக்கும், ஆகவே நகைத் தராசு வேண்டும். மயில்துத்தம் விஷம். கையுறை போடுங்கள், அந்த டம்ளரை மறுபடி சமையலறைக்குள் கொண்டுபோகாதீர்கள், மிச்சக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல் பள்ளி ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள்.