லேஸ் நிட்டிங் பழக எந்தச் சால்வையில் தொடங்கலாம்? நம் கடற்கரை வெயிலுக்குக் கம்பளி நூல் சரிவருமா?

நிட், பர்ல் என்ற இரு அடிப்படைப் பின்னல்களும் தெரியும், ஒரு ஸ்கார்ஃப் முடித்தாயிற்று, அடுத்து லேஸ், அதாவது ஓட்டை ஓட்டையாக டிசைன் விழும் பின்னல், என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாம்பன் பக்கம். என் பதில்: கழுத்தில் தொடங்கிக் கீழே விரியும் முக்கோணச் சால்வை, அதுவும் பருத்தி நூலில். கம்பளி நூல் இங்கே மடியில் வைத்தாலே வேர்க்கும். பருத்திச் சால்வை என்றால் சென்னை ரயிலின் ஏசி பெட்டிக்கும் ஆகும், மார்கழிக் காலைக்கும் ஆகும்.

4 பிளை பருத்தி நூல் 100 கிராம் உருண்டை இரண்டு, 4 மி.மீ. வட்ட ஊசி (80 செ.மீ.) போதும். மூங்கில் ஊசியாக வாங்குங்கள். பருத்தி வழுக்கும், உலோக ஊசியில் கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) நழுவிக்கொண்டே இருக்கும்.

லேஸில் ஓட்டை விழுவது யார்ன் ஓவரால். நூலை ஊசிக்கு முன்னால் கொண்டுவந்து, அப்படியே ஊசிமேல் போட்டு அடுத்த கண்ணியை நிட் செய்கிறோம். ஊசியில் ஒரு கண்ணி கூடுகிறது, அதன் கீழே ஓட்டை. கூடியதை ஈடுகட்ட, பக்கத்தில் இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுகிறோம். இலை, பூ, அலை என்று எந்த டிசைனை எடுத்தாலும் இந்தக் கூட்டல் கழித்தல்தான். இரண்டைச் சேர்த்து நிட் செய்தால் கண்ணி வலப்பக்கம் சாயும். இடப்பக்கம் சாய்க்க வேறு முறை உண்டு, முதல் சால்வைக்கு அது வேண்டாம்.

சால்வையின் தொடக்கம்: 3 கண்ணி ஏற்றி 6 வரிசை நிட். துண்டைத் திருப்பி நீளவாட்டு விளிம்பில் 3, தொடங்கிய விளிம்பில் 3 எடுத்தால் மொத்தம் 9 கண்ணி. இரு ஓரத்திலும் மும்மூன்று எப்போதும் நிட். நட்டநடுக் கண்ணிக்கு ஒரு மார்க்கர் (அடையாள வளையம்). முன்பக்க வரிசையில் ஓரக் கண்ணிகளை அடுத்து ஒவ்வொரு யார்ன் ஓவர், நடுக்கண்ணிக்கு இருபுறமும் ஒவ்வொன்று. இந்த நான்குக்கும் ஈடு கிடையாது, அதனால்தான் சால்வை விரிகிறது. பின்பக்க வரிசையில் ஓரம் தவிர எல்லாம் பர்ல். முன்பக்க வரிசை ஒன்றுக்கு 4 கூடும். பத்து முடிந்தால் ஊசியில் 49 இருக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். ஓரத்துக்கும் நடுக்கண்ணிக்கும் இடையே உள்ள ஒவ்வொரு பாதியும் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையாகவே வளரும். ஆறேழு முன்பக்க வரிசைக்கு ஒருமுறை ஓட்டை வரிசை போடுங்கள்: வழக்கமான ஓர யார்ன் ஓவருக்குப் பிறகு ‘இரண்டைச் சேர், யார்ன் ஓவர்’ என்று பாதி முழுக்க. கடைசியில் ஒரு கண்ணி தனியாக மிஞ்ச வேண்டும், அதை நிட் செய்துவிட்டு நடுவின் யார்ன் ஓவருக்குப் போங்கள். மிஞ்சவில்லையென்றால் எங்கோ ஒரு யார்ன் ஓவர் விட்டுப்போயிருக்கிறது. டிசைன் பேப்பரைப் பார்ப்பதைவிட, ஊசியில் இருப்பதை இப்படிப் படிக்கப் பழகுவதைத்தான் நான் லேஸின் பாலபாடம் என்பேன். விட்ட யார்ன் ஓவரை அடுத்த பர்ல் வரிசையிலேயே கண்டுபிடித்தால், இரண்டு கண்ணிக்கு நடுவே படுத்திருக்கும் நூலை ஊசியில் தூக்கிப் போட்டால் போதும், பிரிக்க வேண்டியதில்லை.

ஆனாலும் பிரிக்க நேரும். மீன்வலையில் ஒவ்வொரு கண்ணியும் முடிச்சு, அறுந்தாலும் மற்றது நிற்கும். நிட்டிங்கில் முடிச்சே இல்லை, ஒன்று நழுவினால் கீழே ஓடும். லேஸில் அதைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு. அதற்குத்தான் லைஃப்லைன்: ஒவ்வொரு ஓட்டை வரிசைக்கும் முன்னால், பர்ல் வரிசை முடிந்ததும், எல்லாக் கண்ணிக்குள்ளும் வேறு நிற நூலைக் கோத்து விடுங்கள். மார்க்கருக்குள் கோக்காதீர்கள், மாட்டிக்கொள்ளும். மெல்லிய தூண்டில் நரம்பு இதற்கு அருமை: வழவழப்பு, திரி பிரியாது, ராமேஸ்வரம் முதல் தொண்டி வரை மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள்.

முடிக்கும்போது ஒரு அளவு பெரிய ஊசியில் தளர்வாக மூடுங்கள். இறுக்கி மூடிய சால்வை எவ்வளவு இழுத்தாலும் விரியாது.

ஊசியிலிருந்து இறங்கியதும் அது கசங்கிய துணி மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். தண்ணீரில் ஊறவைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தென்னை நார் மெத்தையில் வெள்ளைத் துணி விரித்து இழுத்துக் குண்டூசி குத்துங்கள். ஓட்டைகள் அப்போதுதான் கண் திறக்கும். எவர்சில்வர் குண்டூசிதான் வேண்டும். உப்புக் காற்றில் மற்றது துருப்பிடித்துச் சால்வையில் கறை விடும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் மொட்டைமாடி வேண்டவே வேண்டாம், அறைக்குள் ஃபேன் போட்டுக் காய வையுங்கள். கம்பளி போலப் பருத்தி அந்த வடிவத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது, ஒவ்வொரு சலவைக்கும் பிறகு மறுபடி குத்தத்தான் வேண்டும்.