ஈயச் சொம்பின் மேல் குற்றமில்லை

கேள்வி: ஓய்வு பெற்றதும் சென்னையை விட்டு ஊரோடு வந்துவிட்டேன். இனியாவது நிதானமாக வாழலாம் என்று கும்பகோணத்தில் ஈயச் சொம்பு, பழைய பித்தளைப் பாத்திரங்கள், பித்தளை ஃபில்டர், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு எல்லாம் வாங்கினேன். முதல் ரசத்திலேயே சொம்பின் அடி உருகி ஓட்டை. பித்தளையில் வைத்த வத்தக்குழம்பு வாயில் வைக்க முடியாமல் கசந்தது. எல்லாவற்றையும் பரணில் ஏற்றச் சொல்கிறார் மனைவி. பழைய பொருளுக்கு ஆசைப்பட்டது தப்பா?
- வாசகர், பாபநாசம்

பதில்: ஆசையில் தப்பில்லை ஐயா. பாத்திரத்தை வாங்கிய இடத்தில் அதைப் புழங்கும் விதத்தையும் கேட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

ஈயச் சொம்பு வெள்ளீயத்தில், அதாவது டின்னில் செய்தது. 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கேஸ் தீயின் சூடு ஆயிரத்தைத் தாண்டும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரைதான் சொம்பு பிழைக்கும். ஆகவே புளித்தண்ணீரைப் பாதிக்கு மேல் ஊற்றிவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள், பிறகு பற்றவையுங்கள். சின்ன பர்னர் போதும். தீ அடியோடு நிற்க வேண்டும். தண்ணீர் மட்டத்துக்கு மேல் பக்கவாட்டில் ஏறினால் அங்கேயும் உருகும். அதில் எண்ணெயோ நெய்யோ காய்ச்சித் தாளிக்கவே கூடாது. நெய் புகையத் தொடங்கும்போது ஈயமும் உருகும் கட்டத்துக்கு வந்திருக்கும். இரும்புக் கரண்டியில் தாளித்துக் கொட்டுங்கள். ரசம் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்து, துணியால் பிடித்து இறக்குங்கள். இடுக்கி போட்டால் விளிம்பு நசுங்கும்.

அந்த ஓட்டையைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுத்துவிடாதீர்கள். பற்றவைக்கும் கலவையில் பெரும்பாலும் காரீயம், அதாவது லெட் என்கிற நச்சு உலோகம் இருக்கும். அது புளியில் கரைந்து உடம்பில் சேரும். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். சொம்பை எடைக்குப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். வாங்கும்போது வெள்ளைத்தாளில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடுபோல் சாம்பல் நிறம் படிந்தால் காரீயக் கலப்பு அதிகம். கோடு விழவில்லை என்பதால் மட்டும் சுத்தமான ஈயம் என்று நம்பிவிடவும் வேண்டாம். கடைக்காரரிடம் வெள்ளீயம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளியும் எலுமிச்சையும் மோரும் செம்பைக் கரைத்துப் பச்சைக் களிம்பாக்கும். உங்கள் குழம்பு கசந்தது அதனால்தான். அப்படிப்பட்டதைச் சாப்பிட்டால் குமட்டல், வாந்தி வரும். பாத்திரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள்: வெள்ளி நிறம் போய் மஞ்சள் திட்டுத் திட்டாகத் தெரிகிறதா? புளி செம்பைத் தொடாமலிருக்க உள்ளே பூசும் வெள்ளீயப் பூச்சு தேய்ந்துவிட்டது. தினமும் புழங்கும் பாத்திரத்துக்கு வருஷம் ஒரு முறையாவது பூச வேண்டும்.

பூசும்போது பக்கத்தில் நின்று கவனியுங்கள். முதலில் களிம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் துளியும் இல்லாமல் தேய்த்துக் கழுவ வேண்டும். பிசுக்கு இருந்த இடத்தில் ஈயம் ஒட்டாது. கரி அடுப்பில் துருத்தி ஊதிப் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் (அமோனியம் குளோரைடு) என்கிற உப்புப் பொடியைத் தூவுவார்கள். வெள்ளைப் புகை எழும். அந்தப் புகை நெஞ்சை அடைக்கும், தள்ளி நில்லுங்கள். நவச்சாரம் உலோகத்தின் மேல் படிந்த கறையை எடுத்ததும் ஈயக் குச்சியைத் தொட்டு, பஞ்சால் சுழற்றித் தேய்ப்பார்கள். சூடு குறைந்தால் ஈயம் திரண்டு நிற்கும். மிஞ்சினால் பூச்சு கறுத்துப் போகும். நல்ல பூச்சில் மஞ்சள் புள்ளி ஒன்றுகூடத் தெரியாது.

பிறகு உள்பக்கத்தில் இரும்பு நார் படக்கூடாது. தேங்காய் நாரே போதும். புளியும் உப்பும் வெளிப்பக்கத்துக்கு மட்டும். தேய்த்ததும் கழுவி உடனே துடைக்காவிட்டால் திட்டு விழும். எவர்சில்வர் ஃபில்டரில் கண் அடைத்துக்கொண்டால் மேல் பாகத்தைத் தீயில் காட்டுவார்கள். பித்தளை ஃபில்டரில் அதைச் செய்யாதீர்கள், உள்ளே பூசிய ஈயம் உருகிக் கண்களையே மூடிவிடும். வெந்நீரில் ஊறவைத்து மெல்லிய குச்சியால் குத்தி எடுங்கள். குத்துவிளக்கை மாதம் ஒரு முறை கழற்றி, மரையில் காய்ந்த எண்ணெயை வெந்நீரும் சீயக்காயும் போட்டுத் தேய்த்துவிடுங்கள். இறுகிப்போனால் முறுக்கிப் பார்க்க வேண்டாம். மரையை மூடியிருக்கும் வெளிப்பாகத்தின் மேல் கொதிநீர் ஊற்றினால் அது விரிந்து இளகும்.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். இதையெல்லாம் யார் செய்யப்போகிறார்கள்? நிதானம் உங்களுக்கு, தேய்ப்பது உங்கள் மனைவிக்கு என்றால் அவர் பரணைக் காட்டியதில் முழு நியாயம் இருக்கிறது. பழைய பாத்திரத்தின் அழகெல்லாம் தினமும் அதற்குக் கொடுக்கும் அரை மணி நேரத்தில் இருக்கிறது. அந்த அரை மணி நேரம் உங்களுடையதாக இருக்கட்டும். முடியாது என்றால் குத்துவிளக்கையும் ஃபில்டரையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழம்புக்கு மண்சட்டி இருக்கிறது.

ஈயம் பூசுகிறவர்கள் டெல்டாவில் குறைந்துகொண்டே வருகிறார்கள். இரண்டு பாத்திரத்துக்காக ஒருவர் கரியும் துருத்தியும் தூக்கிக்கொண்டு வர முடியாது. பொங்கலுக்கு முன்பே உங்கள் தெருவில் விசாரியுங்கள். பத்து வீட்டுப் பாத்திரம் சேர்ந்தால் அவருக்கு ஒரு நாள் வேலை ஆகும். பாத்திரக் கடைகளில் கேட்டால் ஆளைச் சொல்வார்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். பேரம் பேசினால் வெள்ளீயத்தில்தான் கை வைப்பார்கள்.