மலாயாவின் கோப்பைகள் யாருக்கு?

கேள்வி: மலாயா என்ற நாடே இன்று இல்லை. அந்த நாட்டு பேட்மிண்டன் அணி ஏதோ அதிர்ஷ்டத்தில் அந்தக் காலத்தில் மூன்று முறை தாமஸ் கோப்பையை வென்றது. அவற்றையும் சேர்த்து மலேசியா ஐந்து முறை வென்றதாகச் சொல்கிறார்களே, இது சரியா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கோப்பை யாருடையது என்பதைப் பிறகு பார்க்கலாம். ‘ஏதோ அதிர்ஷ்டத்தில்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

ஆடவர் அணிகளுக்கான உலகப் போட்டி தாமஸ் கோப்பை. அந்நாளில் அதன் ஒவ்வொரு மோதலிலும் ஐந்து ஒற்றையர், நான்கு இரட்டையர் என்று ஒன்பது ஆட்டங்கள் இரண்டு நாட்களாக நடக்கும். ஒருவர் அபாரமாக ஆடிவிட்டார் என்பதற்காகக் கோப்பை வந்துவிடாது. அணி முழுக்க ஆள் இருக்க வேண்டும். 1949இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் நடந்த முதல் இறுதியில் மலாயா டென்மார்க்கை 8–1 என்று வென்றது. 1952இல் அமெரிக்காவை 7–2, 1955இல் மீண்டும் டென்மார்க்கை 8–1. மூன்று இறுதிகளிலும் சேர்த்து ஆடிய 27 ஆட்டங்களில் 23 மலாயாவுக்கு. முந்தைய முறை வென்ற அணி இறுதியில் மட்டும், அதுவும் சொந்த மண்ணில் ஆடினால் போதும் என்ற விதி அப்போது இருந்ததால் 1952இலும் 1955இலும் மலாயாவுக்குச் சாதகம் இருந்தது உண்மை. ஆனால் 1949இல் அந்தச் சலுகை கிடையாது. பிப்ரவரிக் குளிரில், அந்நிய மண்ணில் பெற்ற வெற்றி அது. அதுவும் எப்போது? மூன்றரை ஆண்டு ஜப்பானிய ஆக்கிரமிப்பின் ரணம் ஆறாமல், 1948 ஜூனில் அறிவித்த அவசரநிலை ஓராண்டைக்கூட எட்டாமல் இருந்தபோது.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஆல் இங்கிலாந்துப் போட்டியைப் பாருங்கள். உலகச் சாம்பியன் போட்டி 1977இல்தான் வந்தது. அதுவரை ஆல் இங்கிலாந்துப் பட்டத்துக்குத்தான் உலகப் பட்டத்தின் மதிப்பு. 1950 முதல் 1957 வரை எட்டு ஆண்டுகள் ஆடவர் ஒற்றையர் பட்டம் மலாயாவை விட்டு வெளியே போகவே இல்லை. நான்கு முறை வோங் பெங் சூன், நான்கு முறை எடி சூங். பின்கை வீச்சிலும் கால் நகர்விலும் வோங்குக்கு இணை கிடையாது. எதிராளி ஓடிக் களைக்கும்போது அவர் நின்ற இடத்திலேயே நிற்பதுபோலத் தோன்றுமாம். சட்டம் படிக்க இங்கிலாந்து போன பினாங்குக்காரரான எடி சூங் அவருக்கு நேர் எதிர். குட்டையான உடம்பை வைத்துக்கொண்டு துள்ளித் துள்ளி அடிப்பவர். 1955 இறுதியில் இந்த இருவருமே மோதினார்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்ட வோங் மூன்றாவது செட்வரை போராடித் தம்மைவிடப் பதின்மூன்று வயது இளையவரை வென்றார். இதை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

இனி வாரிசுக் கதை. பட்டியல் போடுகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் சண்டை போட்டு வருவதைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். சோவியத் யூனியனின் கால்பந்துச் சாதனைகளையெல்லாம் ரஷ்யாவின் பெயரில் எழுதிவிடுகிறார்கள். 1988 ஐரோப்பியக் கோப்பையின் இறுதிவரை வந்த அந்த அணியின் முதுகெலும்பு உக்ரைனின் கீவ் நகரத்து ஆட்டக்காரர்கள்தாம் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. மலாயாவுக்கும் அதே அநீதிதான் நடக்கிறது.

மலாயா அணி என்பது மலாயாக் கூட்டரசின் அணி மட்டும் அல்ல. 1946லேயே சிங்கப்பூரைத் தனிக் காலனியாகப் பிரித்துவிட்டார்கள். 1948இல் உருவான கூட்டரசில் அது இல்லை. மூன்று கோப்பைகளையும் வென்ற காலம் முழுவதும் நீரிணையின் அக்கரையான சிங்கப்பூரில் ஓர் அரசு, இக்கரையான மலாயாவில் ஓர் அரசு. அணி மட்டும் ஒன்று. வோங் பெங் சூன் பிறந்தது மலாயாக் கரையிலுள்ள ஜொகூர் பாருவில், ஆடி வளர்ந்தது சிங்கப்பூரில். அவரை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? ‘முதலை சர்வ்’ போட்டுப் பேர் வாங்கிய ஓங் போ லிம் பிறந்தது அப்போது மலாயாவில் சேராத சரவாக்கின் கூச்சிங்கில், ஆடியது சிங்கப்பூருக்காக, 1954இல் ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டம் வென்றபோது அவருக்கு ஜோடி பினாங்கின் ஊய் தெய்க் ஹோக். 1952, 1955, 1958 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மலாயா தன் ‘சொந்த மண்’ணில் கோப்பையைக் காக்க ஆடிய ஊர் கோலாலம்பூர் அல்ல, சிங்கப்பூர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று கோப்பைகளும் வெள்ளைக்காரர் ஆட்சியில் வென்றவை. மலாயா 1957 ஆகஸ்டில் சுதந்திரம் பெற்றது. அடுத்த ஆண்டு ஜூனிலேயே இந்தோனேசியா சிங்கப்பூருக்கு வந்து 6–3 என்று வென்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. சிங்கப்பூரையும் சேர்த்துக்கொண்டு 1963இல் மலேசியா பிறக்கும்வரை, சுதந்திர நாடாக இருந்த ஆறு ஆண்டுகளில் மலாயாவால் அதை மீட்க முடியவே இல்லை. அந்தக் கோப்பைகளை வென்றது ஒரு நாடு என்பதைவிட ஒரு சங்கம் என்பதே பொருந்தும். 1934இல் தொடங்கிய மலாயா பேட்மிண்டன் சங்கம், ஆட்சியாளர்கள் எல்லைக்கோட்டை எத்தனை முறை அழித்து வரைந்தபோதும் இரு கரை ஆட்டக்காரர்களையும் ஒரே அணியாக வைத்திருந்தது. 1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த பிறகுதான் அந்த ஏற்பாடு அடியோடு முடிந்தது.

மலேசியாவின் பெருமையை நான் குறைக்கவில்லை. சிங்கப்பூர் இல்லாமலேயே 1967இல் ஜகார்த்தாவில் அது கோப்பையை வென்றது. 1992இல் கோலாலம்பூரில் மீண்டும் வென்றது. நம் தமிழர் பஞ்ச் குணாளன் 1970 ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கத்தையும், இங் பூன் பீயுடன் சேர்ந்து இரட்டையர் தங்கத்தையும், 1971இல் அவருடனேயே ஆல் இங்கிலாந்துப் பட்டத்தையும் வென்றது மலேசியாவுக்காகத்தான். அதில் யாருக்கும் பங்கில்லை. இவ்வளவு சொத்து உள்ளவர்கள் கூட்டுக் குடும்பத்துச் சொத்தையும் தன் ஒருவர் பேருக்கு எழுதிக்கொள்ள வேண்டிய தேவை என்ன?

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: சரியில்லை. உலக பேட்மிண்டன் சம்மேளனம் ஐந்து என்று போடட்டும். நம் இதழில் மலாயா 3, மலேசியா 2 என்றே அச்சாகும். மலாயா என்ற வரிக்குக் கீழே, அந்த அணியில் சிங்கப்பூர் ஆட்டக்காரர்களும் இருந்தார்கள் என்ற குறிப்பும் இருக்கும்.