சோஜர்னர் ட்ரூத்தின் உரை: எந்த வடிவத்தை மொழிபெயர்ப்பது?

வணக்கம். அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்றபின் அடிமை ஒழிப்புக்காகவும் பெண்ணுரிமைக்காகவும் பேசிய அமெரிக்கக் கறுப்பினப் பெண் சோஜர்னர் ட்ரூத் 1851இல் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரின் பெண்ணுரிமை மாநாட்டில் ஆற்றிய உரையைத் தமிழாக்க முற்பட்டபோது, ஒன்றோடொன்று பொருந்தாத இரு வடிவங்கள் கிடைத்துக் குழம்பியதாக எழுதியிருந்தீர்கள். அடிமை ஒழிப்பு இதழாசிரியர் மரியஸ் ராபின்சன் அதே ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்டதையே மூலமாகக் கொள்ளுங்கள். "நான் பெண் இல்லையா?" என்னும் புகழ்பெற்ற கேள்வி அதில் ஓரிடத்திலும் இல்லை, மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரான்சஸ் கேஜ் 12 ஆண்டுகள் கழித்து, 1863இல், எழுதிய வடிவத்தில்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது. தென்மாநில அடிமைகளின் கொச்சைப் பேச்சையும், பெற்றெடுத்ததாக 13 பிள்ளைகளையும் கேஜ் தம் வடிவத்தில் ட்ரூத்துக்குத் தாராளமாகவே வழங்கிவிட்டார். ட்ரூத்தோ நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, டச்சு மொழி பேசி வளர்ந்தவர். ஆகவே பேச்சுக் கொச்சையில் பெயர்க்க வேண்டாம். அந்தக் கேள்வியை விட மனமில்லையெனில், கேஜின் பெயரோடும் ஆண்டோடும் அடிக்குறிப்பில் சேருங்கள்.