கமிஷன் வாங்கியிருக்கிறீர்கள், கவனம்

கேள்வி: கிரிப்டோவில் மாதம் 10 சதவீதம் உறுதி என்று சொல்லிக் கொழுந்தனார் எங்களிடம் 8 லட்சம் வாங்கினார். என் பேச்சைக் கேட்டு அக்காவும், உடன் வேலை பார்க்கும் ஆசிரியைகளும் போட்டார்கள். எனக்கு 60,000 ரூபாய் கமிஷன் வந்தது. இப்போது சந்தை சரிந்துவிட்டது என்று கையை விரிக்கிறார். சொந்தக்காரரே இப்படிச் செய்யலாமா? வழக்குப் போடலாமா?

- ஈரோடு வாசகி

பதில்: சொந்தக்காரர் என்பதால் வழக்கு வலுக்கவும் செய்யாது, இளைக்கவும் செய்யாது. 2025 அக்டோபரில் 1,26,000 டாலரைத் தொட்ட பிட்காயின் நவம்பரில் 90,000-க்குக் கீழே போனது உண்மை. ஆனால் வருமானம் உறுதி என்று சொல்லிப் பணம் வாங்கியவர் சந்தையைக் கைகாட்டித் தப்ப முடியாது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் தாராளமாகப் புகார் கொடுக்கலாம்.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்த 60,000. ஆள் சேர்த்தால் கமிஷன் தரும் பணச் சுழற்சித் திட்டத்தில் ஒருவரைச் சேர்த்துவிடுவதே 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; மூன்றாண்டு வரை சிறை. உங்கள் அக்கா புகார் கொடுத்தால் யார் பெயரைச் சொல்வார்? கொழுந்தனாரிடம் அவர் நேரில் பேசியதுகூட இல்லாமல் இருக்கலாம். பணம் உங்கள் கூகுள் பே வழியாகப் போயிருந்தால், முதலில் முடங்குவது உங்கள் சம்பளக் கணக்குதான். ‘எனக்கும் தெரியாது, நானும் ஏமாந்தேன்’ என்பது நல்ல வாதம். ஆனால் அதை நீதிமன்றம் கேட்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும்.

இதைவிட மோசமான குழி ஒன்று உண்டு. ஆசிரியைகள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, உங்கள் நிலையில் இருப்பவர்கள் மானத்துக்குப் பயந்து ‘கொழுந்தனார் தராவிட்டால் நான் தருகிறேன்’ என்று காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். தொகை எழுதாத காசோலையாகக்கூட இருக்கும். அது பணமில்லாமல் வங்கியில் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்கு. கடனுக்காகக் கொடுத்த காசோலை என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். இரண்டாண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப்போல் இருமடங்கு வரை அபராதம். மோசடியில் ஏமாந்தவர்களே இப்படிக் குற்றவாளிக் கூண்டில் நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். காசோலை, புரோநோட்டு, வெற்றுப் பத்திரம் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

அக்காவோடும் ஆசிரியைகளோடும் சமாதானமாகப் போங்கள். நகையை அடகு வைத்தாவது, வாங்கிய கமிஷனை அவரவர் பங்குப்படி வங்கி வழியாகத் திருப்பி அனுப்புங்கள். அது கமிஷன் தொகைதான், அசல் அல்ல என்று வழக்கறிஞரைக் கொண்டு எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுங்கள். கமிஷன் வந்ததையும் திருப்பியதையும் நீங்களே அதில் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியைக்கூட அழிக்க வேண்டாம்.