மூன்றரைக்கே எழும் மாமியார், எட்டுக்கும் எழாத மகன்

கேள்வி: என் மாமியாருக்கு 71 வயது. இரவு எட்டரைக்கே படுத்துவிடுவார். மூன்றரைக்கெல்லாம் எழுந்து பாத்திரத்தை உருட்ட ஆரம்பித்துவிடுவார். "ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை" என்று தூக்க மாத்திரை கேட்கிறார். பிளஸ் ஒன் படிக்கும் மகன் பன்னிரண்டரைக்கு முன் படுப்பதில்லை. எட்டு மணிக்கு எழுப்புவதற்குள் என் உயிர் போகிறது. யாருக்கு எவ்வளவு தூக்கம் வேண்டும்?

பதில்: எட்டரையிலிருந்து மூன்றரை வரை 7 மணி நேரம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரம் போதும். மதியம் கண்ணயர்கிறார் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் சொல்வதும் பொய்யில்லை. வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கம் குறைந்துவிடும். நாய் குரைத்தால் விழிப்பு, சிறுநீருக்கு விழிப்பு. விழித்திருந்த நேரம்தான் காலையில் நினைவில் நிற்கும். உடலின் கடிகாரமும் முன்னால் ஓடுவதால் சீக்கிரமே தூக்கம் சொக்கும், சீக்கிரமே விழிப்பும் வந்துவிடும்.

மாத்திரையை நீங்களாக வாங்கித் தராதீர்கள். அந்த மயக்கத்தில் நடுராத்திரி கழிவறைக்குப் போய் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் முதியவர்கள் உண்டு. மாலை ஐந்தரைக்கு வெளிச்சத்தில் சற்று நடக்க வையுங்கள். மதியத் தூக்கம் அரை மணி நேரத்தோடு நிற்கட்டும். படுக்கும் நேரத்தைச் சில நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் வீதம் பத்து மணி வரை தள்ளுங்கள். சிறுநீர் பிரிய வைக்கும் பி.பி. மாத்திரையை இரவில் போடுகிறாரா என்று பாருங்கள். காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். குறட்டை நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

மகனுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். அவன் ஏழரை மணி நேரம்தான் தூங்குகிறான், ஆக அது சோம்பேறித்தனம் இல்லை. பதின்ம வயதில் தூக்கத்துக்கு அழைக்கும் மெலடோனின் சுரப்பதே ஓரிரு மணி நேரம் தள்ளிப்போகும். அதன்மேல் கையில் போன் வேறு. போன் இரவு கூடத்தில் சார்ஜ் ஏறட்டும். மாலை நாலுக்கு மேல் காபி வேண்டாம். எழுந்ததும் மாடி வெயிலில் கொஞ்ச நேரம் நிற்கட்டும். ஞாயிறன்று பதினொன்று வரை தூங்கவிட்டால் திங்கள் காலை மறுபடி அதே பாடுதான். விடியற்காலை டியூஷன் இருந்தால் மாலைக்கு மாற்றிவிடுங்கள். என்னைக் கேட்டால் இந்த வயதில் அதைவிடக் கெட்ட ஏற்பாடு இல்லை.

உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே! மகன் படுக்கும்வரை விழித்திருந்து, மாமியாரின் பாத்திரச் சத்தத்தில் எழுபவர் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 3 மணி நேரம். உங்கள் வயதுக்கு 7 முதல் 9 வேண்டும். இரவே ஃபிளாஸ்கில் வெந்நீரும் ஒரு டம்ளரும் மாமியார் கட்டில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஐந்தரை வரை சமையலறைக்குள் யாருக்கும் வேலையில்லை என்று சொல்லிவிடுங்கள். மகனுக்கு ஒரு அலாரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, பத்தரைக்கு நீங்கள் போய்ப் படுங்கள்.