ஸ்பிண்டில் நார் குரோமோசோமை எப்படிப் புடிக்குது?

தம்பி, தர்மபுரில நீட் கோச்சிங் போறேன்னு சொல்லி, செல் ரெண்டா பிரியும்போது குரோமோசோமை இழுக்குற ஸ்பிண்டில் நாருக்கு அது இருக்குற எடம் எப்படித் தெரியுதுன்னு கேட்டிருக்க. தெரியாது, அதான் விஷயமே. நார்ங்கறது மைக்ரோடியூபுல்ங்கற மெல்லிசான புரோட்டீன் குழாய், ஸ்பிண்டிலோட ரெண்டு முனையான துருவங்கள்லேருந்து நம்ம கிருஷ்ணகிரி டேம்ல தூண்டில் போடுறவங்க மாதிரி கண்ட பக்கமும் நீளும், எதுவும் சிக்கலன்னா சுருங்கிட்டு திரும்ப வேற பக்கம் நீளும், கிர்ஷ்னர், மிட்சிசன்ங்கற ரெண்டு விஞ்ஞானிங்க 1986ல சொன்ன ஐடியா இது. ஒட்டுற எடம் சென்ட்ரோமியர், அதாவது குரோமோசோமோட இடுப்பு மாதிரி எடம், அது மேல இருக்குற கைனெட்டோகோர்ங்கற புரோட்டீன் தொகுப்பு, ஒவ்வொரு குரோமாட்டிடுக்கும் (குரோமோசோமோட ரெண்டு நகல்ல ஒண்ணு) ஒண்ணு.

சரி, தப்பா ஒட்டினா? நீட்டுக்கு இவ்ளோ தேவைப்படாது, ஆனா எனக்கு இதான் செம மேட்டர். ரெண்டு குரோமாட்டிடும் ஒரே துருவத்தோட மாட்டிக்கிட்டா நடுவுல இழுவிசை வராது, அது இல்லன்னா அரோரா பி ங்கற என்சைம் கைனெட்டோகோர் புரோட்டீன்ல பாஸ்பேட் ஏத்தி புடிய லூசாக்கி விட்டுரும், மறுபடி மொதல்லேருந்து. எதிரெதிர் துருவத்துல மாட்டினாதான் புடி நிக்கும். நிக்லஸ்ங்கற விஞ்ஞானி 1969லயே வெட்டுக்கிளி செல்லுக்குள்ள மெல்லிசா ஊசி விட்டு குரோமோசோமை இழுத்துப் புடிச்சே, இழுவிசை இருந்தா புடி நிக்கும்னு காட்டிட்டாரு!

ஒரே ஒரு கைனெட்டோகோர் காலியா இருந்தாலும் செக்பாயின்ட்ங்கற செல்லோட சோதனை ஏற்பாடு, குரோமாட்டிடுங்க பிரிஞ்சு போற கட்டமான அனாபேஸ ஆரம்பிக்க விடாது. அப்புறம், மனுஷ செல்லுல ஒரு கைனெட்டோகோருக்கு சுமார் 20 மைக்ரோடியூபுல் வரைக்கும் ஒட்டும், பேக்கரி ஈஸ்ட்ல ஒண்ணே ஒண்ணுதான்.